ஆசியாவுக்குக் கடமையாச்சு

மீரா உசேன்: இல்லம்மா, இல்ல. உனக்கு ஜகாத் கொடுக்கற கடமை இல்ல. எத்தனை தடவை சொல்றது?

ஆசியா: எப்படி இல்லாம போகும்? இன்னொரு தடவை பாருங்க, காக்கா.

மீரா உசேன்: மூணு தடவை பார்த்தாச்சு. நோன்பு நேரத்துல நாக்கு வறண்டு போவுது. விடு.

ஆசியா: தார்ப்பாயைச் சேர்த்தீங்களா?

மீரா உசேன்: தார்ப்பாய் சேராது.

ஆசியா: ஏன் சேராது? அறுபது தார்ப்பாய்! எல்லாம் நல்ல கனமான ரகம். இந்தத் திருத்துறைப்பூண்டியைச் சுத்தி ரோட்டுல காயப் போட்ட நெல்லு, கொள்முதல் நிலையத்து வாசல்ல குவிச்ச நெல்லு... பாதி என் தார்ப்பாய்க்குக் கீழதான் தூங்குது.

மீரா உசேன்: தூங்கட்டும். ஆனா அது நீ வாடகைக்கு விடற சாமான். விற்கற சரக்கா இருந்தாத்தான் ஜகாத். தச்சன் வச்சிருக்கற உளிக்கு ஜகாத் உண்டா?

ஆசியா: அப்ப விற்கறதுக்குன்னு வச்சுக்குங்க.

மீரா உசேன்: விற்கிறியா?

ஆசியா: யாராச்சும் கேட்டா விற்பேன்.

மீரா உசேன்: சரி. எனக்கு ரெண்டு கொடு.

ஆசியா: ...உங்களுக்கு எதுக்கு?

மீரா உசேன்: பார்த்தியா? கொடுக்க மனசு வரல. விற்கணும்னு மனசுல நிய்யத்து வச்சு வாங்கியிருக்கணும். வாய்ல சொன்னா ஆச்சா?

ஆசியா: ஆடு நாலு இருக்கே?

மீரா உசேன்: நாற்பது இருந்தா வா.

ஆசியா: டாட்டா ஏஸ் வண்டி?

மீரா உசேன்: வண்டியும் உளிதான்.

ஆசியா: எதைச் சொன்னாலும் உளி, உளின்னா எப்படி? ஃப்ரிட்ஜ்...

மீரா உசேன்: ஆசியா, ஜமாஅத்தோட பைத்துல்மால் நிதிக்கு நான் எட்டு வருஷமா பொருளாளர். ரமலான் வந்தா இந்தக் கடைக்கு வர்ற ஆளுங்கள்ல ரெண்டு வகை. எனக்கு ஜகாத் கொடுங்கன்னு வர்றவங்க. என்கிட்ட கொடுக்க ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல வர்றவங்க. என்கிட்ட வாங்கிக்கோன்னு சண்டை போட வந்த முதல் ஆள் நீதான்.

ஆசியா: பைப் கடையில உட்கார்ந்துக்கிட்டு என்னை ஏழைன்னு தீர்ப்பு சொல்றீங்க. கேட்டுக்கிட்டு சும்மா போவேனா?

மீரா உசேன்: ஏழைன்னு யாரு சொன்னது? கடமை இல்லைன்னுதான் சொன்னேன். ஆசையா இருந்தா ஸதக்கா கொடு. நூறு ரூபா கொடு, இருநூறு கொடு. யாரும் தடுக்கல.

ஆசியா: ஸதக்கா வேணாம். ஜகாத்தா இருக்கணும்.

மீரா உசேன்: ரெண்டுமே தர்மம்தானே?

ஆசியா: ஸதக்கான்னா வாங்கறவங்க வேணாம்னு சொல்லிடலாம்.

மீரா உசேன்: யாரு சொல்லப் போறா?

ஆசியா: ...பொதுவாச் சொன்னேன். அதுவும் இன்னைக்கே முடியணும். பங்குனி வந்துட்டா பிரயோஜனம் இல்ல.

மீரா உசேன்: ஜகாத்துக்கும் பங்குனிக்கும் என்ன சம்பந்தம்?

ஆசியா: இல்ல... வெயில் வந்துடும்ல.

மீரா உசேன்: உனக்கு இப்பவே வெயில் ஏறிடுச்சு. வீட்டுக்குப் போ. உன் புருஷன் ஜாஃபர் தனியா வண்டியில சரக்கு ஏத்திக்கிட்டிருப்பான்.

ஆசியா: அவருக்கு இடுப்பு இப்ப சரியாயிடுச்சு. ஏத்தட்டும். சவூதியிலேருந்து சம்பளமும் இல்லாம இடுப்பும் இல்லாம வந்த மனுஷன், இப்ப தார்ப்பாய் மடிக்கற அழகைப் பார்க்கணுமே நீங்க... பட்டுப்புடவைக் கடையில வேலைக்கு வச்சுக்குவாங்க. சரி, இங்க ஏன் இப்படி வேகுது? ஃபேனைப் போடுங்க.

மீரா உசேன்: கரண்ட் இல்ல.

ஆசியா: பக்கத்துக் கடையில ஓடுதே?

மீரா உசேன்: அது வேற லைன்.

ஆசியா: ஒரே கம்பத்துல ரெண்டு லைனா?

மீரா உசேன்: அதையெல்லாம் உனக்கு எதுக்கு விளக்கணும்?

ஆசியா: மோட்டார் வச்சிருந்த ரேக் காலியா கிடக்குது. ஹோஸ் சுருட்டெல்லாம் எங்க?

மீரா உசேன்: வெள்ளை அடிக்கப் போறேன். அதான் ஒதுக்கி வச்சிருக்கேன்.

ஆசியா: ஓஹோ... நல்ல காரியம். என்ன கலர்?

மீரா உசேன்: வெள்ளை.

நாகேஸ்வரன்: பாய், இருக்கீங்களா?

மீரா உசேன்: வாங்க வாத்தியார் சார், வாங்க. ஆசியா, அந்த ஸ்டூலை சாருக்குத் தள்ளு. என்ன சார் இந்த வெயில்ல?

நாகேஸ்வரன்: வெயில் எங்கங்க? மேற்க இருட்டிக்கிட்டு நிக்குது. என் நெல்லு ரோட்டுல கிடக்குது.

ஆசியா: பயப்படாதீங்க சார். காலையிலேயே எங்க வீட்டுக்காரர் கொண்டுவந்து போட்டுட்டார். நாலு மூலையிலயும் கல்லு வச்சாச்சு.

நாகேஸ்வரன்: அதான் பார்த்தேன். யாரும் சொல்லாமலே வந்துடுதும்மா உன் தார்ப்பாய். என்ன, ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டிருந்த மாதிரி இருந்துது? தெருமுனை வரைக்கும் கேட்டுது.

மீரா உசேன்: இவங்களைப் பணக்காரின்னு எழுதித் தரணுமாம் சார்.

ஆசியா: மாட்டேங்கறாரு சார்.

நாகேஸ்வரன்: எழுதிக் கொடுத்துடுங்களேன் பாய். காசா பணமா?

மீரா உசேன்: காசு பணம்தான் சார் விஷயமே! நீங்க வந்த சமாச்சாரம் சொல்லுங்க.

நாகேஸ்வரன்: சமாச்சாரம் இந்த மஞ்சப் பையில இருக்கு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போர்செட்டுக்குப் பைப்பும் மோட்டாரும் எடுத்தேன்ல. அந்தப் பாக்கி.

மீரா உசேன்: எந்தப் பாக்கி?

நாகேஸ்வரன்: எந்தப் பாக்கியா? முப்பத்திரண்டு வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?

மீரா உசேன்: அது அப்பவே முடிஞ்சுது சார்.

நாகேஸ்வரன்: எப்படி முடியும்? நான் கொடுக்கவே இல்லையே.

மீரா உசேன்: அந்த வருஷம் உங்க சம்பா முழுகிப்போச்சு. கதிர் வர்ற நேரத்துல வயல்ல இடுப்பளவு தண்ணி. நான் வந்து வரப்புல நின்னு பார்த்தேன். அன்னைக்கே மனசால விட்டுட்டேன்.

நாகேஸ்வரன்: என்னைக் கேக்காம எப்படிங்க விடுவீங்க?

மீரா உசேன்: கஷ்டத்துல இருக்கறவருக்குத் தவணை கொடு, விட்டுக் கொடுத்தா இன்னும் நல்லதுன்னு எங்க வேதத்துல இருக்கு சார். மன்னிச்சுட்டேன்.

நாகேஸ்வரன்: மன்னிக்கற அளவுக்கு நான் என்ன தப்பு பண்ணேன்? மழை பண்ணினதுக்கு என்னை மன்னிக்கறீங்களா? இந்த வருஷம் விளைஞ்சிருக்குய்யா! பிடிங்க.

மீரா உசேன்: விட்டதைத் திரும்ப வாங்க மாட்டேன் சார். வச்சுக்குங்க. பொண்ணு ஸ்ரீரஞ்சனி சென்னையில வீடு வாங்கறதாச் சொன்னீங்களே, அதுக்கு அனுப்புங்க.

நாகேஸ்வரன்: அவ வாங்குவா. அவளுக்கு பேங்க் இருக்கு. ஆசியா, இது என்னம்மா கடை? கடைவீதியில எல்லாரும் பணம் கொடு, பணம் கொடுன்னு கழுத்தைப் பிடிக்கறாங்க. இங்க கொடுக்க வந்தா கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்றாரு!

ஆசியா: என்னை மூணு தடவை தள்ளிட்டாரு சார். நீங்க புதுசு.

நாகேஸ்வரன்: என்னை மட்டுமா? எங்க தெரு மதுரம் போன வாரம் வந்தானாமே. அவன்கிட்டயும் இதே வசனம்தானாம்.

மீரா உசேன்: அவனுக்கும் அதே வருஷம்தானே முழுகிச்சு.

நாகேஸ்வரன்: எங்க தெருவே முழுகிச்சு. தெருவையே மன்னிச்சுட்டீங்க. சரி... ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. கடையை விடப் போறீங்கன்னு ஒரு பேச்சு அடிபடுதே?

மீரா உசேன்: யாரு சொன்னது?

நாகேஸ்வரன்: பேச்சுதான்.

மீரா உசேன்: வெள்ளை அடிக்கப் போறேன் சார்.

நாகேஸ்வரன்: உங்க ஜமாஅத்துல வட்டியில்லாக் கடன் கொடுக்கறீங்க. எங்க தெருவுல மாடு வாங்கக்கூட ரெண்டு பேர் வாங்கியிருக்காங்க, சாதி மதம் பார்க்காம. ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்... உங்களுக்கே ஒரு நெருக்கடின்னா?

மீரா உசேன்: பெட்டிச் சாவி வச்சிருக்கறவன் பெட்டியில கை வைக்கக் கூடாது. கமிட்டி ஆளுங்களுக்கும் அவங்க சொந்தத்துக்கும் கடன் கிடையாதுன்னு சட்டம் போட்டதே நான்தான். அப்புறம், எனக்கு என்ன நெருக்கடி? ஆண்டவன் நல்லா வச்சிருக்கான்.

ஆசியா: ஃபேன் மட்டும்தான் ஓடல.

மீரா உசேன்: நீ இன்னும் போகலையா?

ஆசியா: நகையைப் பேசவே இல்லையே நாம.

மீரா உசேன்: கழுத்துல போட்டிருக்கற சங்கிலியா? எத்தனை பவுன்?

ஆசியா: மூணு. போன நோன்புக்கு முந்தியே வாங்கினது. வருஷம் தாண்டியாச்சு.

மீரா உசேன்: சேராது. நாம ஷாஃபி. பொம்பளைங்க உடம்புல போட்டுக்கற அளவான நகைக்கு ஷாஃபியில ஜகாத் இல்ல.

ஆசியா: நான் ஹனஃபி.

மீரா உசேன்: ...என்னது?

ஆசியா: ஹனஃபி. எங்க வீட்டுக்காரர் வழி ஹனஃபி தெரியுமா உங்களுக்கு?

மீரா உசேன்: அது தெரியும். நீ முத்துப்பேட்டையில பொறந்து, நேத்து வரைக்கும் ஷாஃபியாத்தானே தொழுதுக்கிட்டிருந்தே?

ஆசியா: இன்னைக்கு சுபுஹு தொழுகையிலேருந்து மாறிட்டேன்.

நாகேஸ்வரன்: பாய், ஏன் இப்படிச் சிரிக்கறீங்க? எனக்கும் சொல்லுங்களேன்.

மீரா உசேன்: சார்... சார், இருங்க... எங்கள்ல இந்த ரெண்டு வழியும் உண்டு சார். ஹனஃபியில போட்டிருக்கற நகைக்கும் ஜகாத் கொடுக்கணும், ஷாஃபியில வேணாம். வருஷா வருஷம் இந்த ஊர்ல நடக்கற கூத்து என்னன்னா, ரமலான் வந்தா நகைக்காரங்க வீட்டுல ஹனஃபி எல்லாம் திடீர்னு ஷாஃபி ஆயிடுவாங்க. பெருநாள் முடிஞ்சதும் திரும்பிடுவாங்க. இவ ஒருத்திதான் தலைகீழாத் தாவறா!

நாகேஸ்வரன்: அப்படித் தாவலாமா?

ஆசியா: பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டுட்டேன் சார். தப்பிக்கறதுக்குத் தாவினா தப்பு, கொடுக்கறதுக்குத்தானே... புருஷன் வழியிலேயே இருந்துக்கோன்னு சொல்லிட்டாரு.

மீரா உசேன்: ஹஜ்ரத்துகிட்ட கேட்டாச்சா? அப்ப ஒரு மணி நேரமா ஆட்டையும் ஃப்ரிட்ஜையும் காட்டி ஏன் என் உயிரை எடுத்தே?

ஆசியா: அதுவும் சேர்ந்தா இன்னும் கொஞ்சம் கூடுமேன்னு பார்த்தேன்.

மீரா உசேன்: கேட்டுக்குங்க சார். ஜகாத்துல எனக்கு இன்னும் கொஞ்சம் ஏத்திப் போடுன்னு பேரம் பேசறா.

நாகேஸ்வரன்: இன்கம்டாக்ஸ் ஆபீஸ்ல சொல்லிடாதீங்க. மயக்கம் போட்டு விழுந்துடுவாங்க.

மீரா உசேன்: சரி, ஹனஃபிப் பொண்ணு... சங்கிலி மூணு பவுன். கையில சேர்த்து வச்ச பணம் இருக்கா?

ஆசியா: வாடகை வந்தது பேங்குல இருக்கு. போன நோன்பு நேரத்துலயும் ஏறக்குறைய அவ்வளவு இருந்துச்சு.

மீரா உசேன்: கடன்?

ஆசியா: ஒரு பைசா இல்ல.

மீரா உசேன்: அப்ப தங்கத்தையும் பணத்தையும் ஒண்ணாப் போட்டு வெள்ளி விலையோட பார்க்கணும். அறுநூத்துச் சொச்சம் கிராம் வெள்ளி என்ன விலையோ, அதைத் தாண்டினா கடமை. இரு... சார், நீங்க போட்டுப் பாருங்களேன். என் கண்ணாடி வீட்டுல இருக்கு.

நாகேஸ்வரன்: போட்டாச்சு. தாராளமாத் தாண்டுது.

மீரா உசேன்: தாண்டுதா?

நாகேஸ்வரன்: தாண்டுதுங்க. மனக்கணக்குலயே தாண்டுது.

மீரா உசேன்: ...ஆசியா.

ஆசியா: உங்க வாயால சொல்லுங்க, காக்கா.

மீரா உசேன்: கடமையாச்சும்மா. உனக்கு ஜகாத் கடமையாச்சு. நாற்பதுல ஒரு பங்கு.

ஆசியா: அல்ஹம்துலில்லாஹ்! சார், கேட்டீங்கள்ல? நீங்க சாட்சி!

நாகேஸ்வரன்: கேட்டேன், கேட்டேன். பாய், கண்ணைத் துடைக்கறீங்க?

மீரா உசேன்: வேர்வை. ஃபேன் இல்லேல்ல... சார், எங்க கமிட்டியில ரொம்ப நாளா ஒரு வாக்குவாதம். ஆளுக்கு ஆயிரம் ரெண்டாயிரம்னு பிரிச்சுக் கொடுத்துட்டுப் போவோம்பாங்க சில பேரு. பெருநாளைக்குத் துணி வாங்குவாங்க, அடுத்த ரமலானுக்கு அதே ஆள் அதே வாசல்ல நிப்பாங்க. ஒரு வருஷம் குறைச்ச பேருக்குக் கொடுத்தாலும் தொழில் நடத்தற மாதிரி கொடுக்கணும்னு நான் கத்துவேன். பஞ்சர் கடைக்குக் காத்து மெஷின், ஒருத்திக்கு மாவு அரைக்கற கிரைண்டர், இவளுக்குத் தார்ப்பாய். அவங்களோ, வாங்கற பக்கத்துலேருந்து ஒரு ஆளாவது கொடுக்கற பக்கத்துக்கு வரட்டும், அப்புறம் பேசுவோம்பாங்க. இன்னைக்கு ராத்திரி தராவீஹ் தொழுகை முடிஞ்சதும் பேசறேன் அவங்ககிட்ட!

ஆசியா: பேசுங்க. ஆனா கொடுத்ததுக்கு அப்புறம் பேசுங்க. இந்தாங்க, பணத்தோடதான் வந்திருக்கேன். காக்கா, கொடுக்கறவங்க, இது இன்னாருக்குத்தான் போகணும்னு சொல்லலாமா?

மீரா உசேன்: சொல்லலாம். தகுதி உள்ள ஆளா இருந்தா போதும். அதுல கமிட்டி குறுக்க பேசாது.

ஆசியா: கடனாளிக்குக் கொடுக்கலாமா?

மீரா உசேன்: தாராளமா. ஜகாத் வாங்கத் தகுதி உள்ளவங்கன்னு வேதத்துல சொன்ன எட்டு வகையில கடனாளியும் ஒண்ணு. யாரு? ஆள் எப்படி?

ஆசியா: நல்ல ஆள். ஊதாரித்தனம் கிடையாது. சரக்கைக் கடனுக்கு எடுத்து, கடனுக்கே கொடுத்து, வெள்ளம் வந்ததும் கேக்காம இருந்துட்டாங்க. இப்ப மேல கொடுத்தவங்க நெருக்கறாங்க.

மீரா உசேன்: அடடா. யாபாரத்துல அது நடக்கறதுதான். நம்ம ஆளா?

ஆசியா: நம்ம ஆள்தான். ஆனா ரொம்ப ரோஷம். வாங்க மாட்டாங்க.

மீரா உசேன்: வாங்க வைக்கறேன். நானே கொண்டு போய்க் கொடுக்கறேன்.

ஆசியா: கதவைச் சாத்திட்டா?

மீரா உசேன்: நீ சாத்தலையா? சார், ரெண்டு வருஷத்துக்கு முந்தி, மினி லாரியில இருபது தார்ப்பாயோட இவ வாசல்ல போய் நிக்கறேன். பிச்சை வாங்கற குடும்பம் இல்லைன்னு சொல்லி, படார்னு கதவு!

ஆசியா: நீங்க போகல. மூடின கதவுகிட்டயே பேசிக்கிட்டிருந்தீங்க.

மீரா உசேன்: என்ன பேசினேன்? சாருக்குச் சொல்லு.

ஆசியா: ஜகாத் பிச்சை இல்லம்மா, கொடுக்கறவன் காசே இல்ல. அவன் சொத்துக்குள்ள மாட்டிக்கிட்டிருந்த உன் ஹக்கு, உன் உரிமை. உன் சாமானை உன்கிட்ட சேர்க்க வந்த கூலிக்காரன் நான். வேண்டாம்னு சொல்ல உனக்கு அதிகாரமே கிடையாதுன்னீங்க.

நாகேஸ்வரன்: பலே! அப்படியா சொன்னீங்க பாய்?

மீரா உசேன்: அப்படித்தான் சொன்னேன். யாராயிருந்தாலும் அதையேதான் சொல்வேன்.

ஆசியா: யாராயிருந்தாலும்?

மீரா உசேன்: யாராயிருந்தாலும்.

ஆசியா: சார், இதுக்கும் நீங்க சாட்சி.

நாகேஸ்வரன்: எழுதிக் கையெழுத்தே போட்டுடறேன்.

மீரா உசேன்: ஏன் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கறீங்க? அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லிடுவாங்க, சட்டுனு அட்ரஸைச் சொல்லு. எந்தத் தெரு?

ஆசியா: ரொம்ப தூரம் இல்ல.

மீரா உசேன்: கடைவீதியா?

ஆசியா: கடைவீதிதான்.

மீரா உசேன்: அப்சரா செருப்புக்கடைக்காரனா? அவனுக்கு ஏது கடன்... பாத்திரக்கடையா? பேரைச் சொல்லேன் புள்ள, மழை வேற வந்துடும் போலிருக்கு!

ஆசியா: மாசத் தொடக்கத்துல புதுத் தார்ப்பாய் எடுக்கத் தஞ்சாவூர் போனேன், காக்கா, நீங்க பைப்பும் ஹோஸும் எடுக்கற அதே கடைக்கு. அன்னைக்கு என் வாசலுக்கு வந்த இருபது தார்ப்பாய் பைத்துல்மால் பணத்துல வாங்கினது இல்லையாம், பெட்டி காலியா இருந்ததால உங்க சொந்த ஜகாத்துல எடுத்தீங்களாம், அந்தக் கடைக்காரர் சொன்னாரு. பங்குனிக்குள்ள பாக்கி தீரலேன்னா கடைச் சாவியைக் கொடுத்துடறதா நீங்க ஒத்துக்கிட்டதையும் சொன்னாரு. சொன்னதும் நேரா வாத்தியார் சார் வீட்டுக்குத்தான் போனேன், அவரு போய் மதுரத்தையும் தெருவையும் கிளப்பினாரு. இப்ப கையை நீட்டுங்க, இது உங்க ஹக்கு, வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு அதிகாரமே கிடையாது... சார், மஞ்சப் பையை எடுங்க, அடுத்தது நீங்க. வெளிய புளியமரத்தடியில நிக்கற உங்க தெருக்காரங்களையும் வரிசையா வரச் சொல்லுங்க.